சாந்தாமணி அடுப்பைத் தொடாத ஊர்

ஹூஸ்டனில் மலை கிடையாது. மேடுகூடக் கிடையாது. உயரமான இடத்தில் நிற்க ஆசைப்பட்டால் ஃப்ரீவே பாலம்தான் கதி. தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கும் அந்த ஊரை ஒட்டிய பேர்லேண்டில்தான் சாந்தாமணி பல வருடங்களாகச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு மட்டும் சமைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் கணவர் கோபாலசாமி ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் இன்ஜினியர். மனிதருக்குத் தாராள மனசு, ஆனால் அந்தத் தாராளத்துக்கு உழைக்க வேண்டியவள் மனைவி. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து யார் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். "நம்மூர்ப் பையன் சாந்தா, ரெண்டே நாள்தான்" என்பார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்ற ஒய்டூகே பரபரப்பில் அந்த ரெண்டு நாள் ரெண்டு வருடம் ஓடியது. ஒருவன் அபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டு போனால் இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் ஒரு அண்டா சாம்பார் சாதம் போகும். "சாப்பிட வாங்க, ஆறிடும்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் தொண்டை தேய்ந்தது. எல்லோரும் ஆன்ட்டியின் கைமணத்தைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டுத் தட்டை சிங்க்கில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மதியங்களில் அவள் ஒரு லைப்ரரியில் புத்தகம் அடுக்கும் வேலை பார்த்தாள். அங்கேதான் ஒரு பயணப் புத்தகத்தில் அந்தப் படம் கண்ணில் பட்டது. ஒரு பெரிய கிண்ணத்தின் உட்புறம் முழுக்க ஒட்டவைத்ததுபோல் செங்கல் வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பனிமலை. தென் அமெரிக்காவில் பொலிவியாவின் ஆட்சித் தலைநகரம், லா பாஸ். அந்தப் பயணப் புத்தகத்தை வேறு யாரும் எடுப்பதாகத் தெரியவில்லை. கடைசியில் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாயிரமாம் வருடம், மகள் வெண்பா ஆஸ்டினில் காலேஜ் சேர்ந்த கையோடு, சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை உடைத்தாள்.

"ஏனுங்க, செப்டம்பர்ல நான் லா பாஸ் போறேன். பேக்பேக் மாட்டிட்டு, சீப்பான லாட்ஜ்ல தங்கி, பஸ்ல சுத்திப் பாக்கப் போறேன். நீங்களும் வர்றதுன்னா வாங்க. ஆனா பதினஞ்சு நாளைக்கு நான் அடுப்பைத் தொட மாட்டேன். அது ஒண்ணுதான் கண்டிஷன்."

கோபாலசாமி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

சிநேகிதி கலாவதி போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஹவாய் இருக்கு, டிஸ்னி இருக்கு. ஆளைக் கடத்துற ஊருக்கா டிக்கெட் புக் பண்ணுவாங்க?" வெண்பா, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று மட்டும் கேட்டாள். இவளைத் தனியாக அனுப்பப் பயந்துபோய் கோபாலசாமியும் கிளம்பினார். வெண்பாவின் பழைய ஸ்கூல் பைகளை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டார்கள். அவருடையது கனமாக இருந்தது. கேட்டதற்கு "ஸ்வெட்டர்" என்றார்.

விடியும்போது விமானம் இறங்கியது. ஏணிப்படியில் நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது, அவ்வளவு உயரம். வாடகை வேன் கிளம்பியதும் சாந்தாமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சுற்றிலும் ஒரே தட்டை, ஹூஸ்டனேதான், குளிர் மட்டும் கூடுதல். இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று நினைத்தாள்.

அப்போது சாலை ஒரு வளைவு திரும்பியது. அதற்குப் பிறகு தரையே இல்லை. கீழே, பாதாளம் என்று சொல்கிற ஆழத்தில், ஒரு நகரம் முழுசாகக் கிடந்தது. லட்சம் வீடுகள் சரிவெங்கும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. தூரத்தில் அந்தப் பனிமலை. படத்தில் விரல் நகமளவு இருந்த மலை இங்கே பாதி வானத்தை எடுத்துக்கொண்டிருந்தது. சாந்தாமணி வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். சாமி சந்நிதியில் திரை விலகும்போது தன்னையறியாமல் கும்பிடுவாள் அல்லவா, அப்படிக் கும்பிட்டாள். அழுகையும் வந்தது.

"ஏனுங்க, மனுசங்க இங்கயும் வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க பாருங்க" என்றாள்.

அந்த ஊர் சாதுவான ஊர் அல்ல. ஷூ பாலிஷ் போடுகிறவர்கள் கண் மட்டும் தெரியும் முகமூடி போட்டிருந்தார்கள். சந்தையில் பூஜைக்கென்று, ஒட்டகச் சாயலில் இருக்கும் லாமா என்ற மிருகத்தின் உலர்ந்த குட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர்வலங்களில் டைனமைட் வெடித்தார்கள். கோபாலசாமி பாஸ்போர்ட்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. அவளோ உருண்டைத் தொப்பி வைத்த பெண்கள் மூட்டையோடு செங்குத்தான படிகளில் ஏறுவதை வாய்பிளந்து பார்த்தாள், நாலு படிக்கொருமுறை நின்று அவர்கள் பின்னாலேயே ஏறினாள். பசித்தபோது யாரோ சமைத்ததைத் தின்றாள். உருளைக்கிழங்கு சூப்புதான், ஆனாலும் அவளுக்கு அமிர்தம்.

நாலாம் நாள், மாத்திரை தேடி அவர் பையைத் திறந்தாள். ஸ்வெட்டருக்குள் சுற்றி ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. அதற்குள் பொன்னி அரிசி, துவரம்பருப்பு, ரசப்பொடி.

"ஒரு சேஃப்டிக்குத்தான் சாந்தா..."

அவள் சத்தம் போடவில்லை. "பதினஞ்சு நாள்தான் கேட்டேன். அதுக்கும் குக்கரைக் கட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவர் குக்கரை மறுபடியும் ஸ்வெட்டரில் சுற்றிப் பைக்குள் தள்ளினார்.

மறுநாள் விவசாயிகள் கோபத்தில் நகரத்துக்கு வரும் சாலைகளையெல்லாம் மறித்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தை காலியானது, ஹோட்டல்கள் கதவைச் சாத்தின. விடுதியில் இவர்களோடு ஏழெட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் மாலை விடுதிக்கார அம்மா ஒரு பாத்திரத்தில் அரிசியைப் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தாள். அந்த உயரத்தில் தண்ணீர் முழுச் சூடு ஏறுவதற்குள்ளேயே கொதித்துவிடும், அரிசி வேகாது. ஊரில் எல்லா வீட்டிலும் குக்கர் உண்டு. இந்த விடுதிக் குக்கரின் ரப்பர் கிழிந்து கிடந்தது, மாற்றக் கடை திறந்தால்தானே.

பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சாந்தாமணியின் கை பரபரத்தது. பசித்த முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்தாள். அடுப்பை நோக்கி ஓர் அடி வைத்தாள். இந்த அடியை வைத்துவிட்டால் பேர்லேண்ட் இங்கேயே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அடியைத் திருப்பிக்கொண்டு கோபாலசாமியிடம் போனாள்.

"குக்கர் உங்களுது. நீங்க வைங்க."

"எனக்கு எப்படிடீ தெரியும்? எத்தனை விசில்?"

"பிளான்ட்ல அத்தாம் பெரிய பிரஷர் டேங்கையெல்லாம் மேய்க்கிறீங்க. இதையும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பனிமலை முதலில் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகி, அப்படியே நின்றது. கிண்ணத்தின் அடியில் ஒரு விளக்கு எரிந்தது. பத்து எரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் சரிவெல்லாம் ஏறி விளிம்புவரை போய் வானத்து நட்சத்திரங்களோடு கலந்துவிட்டன. அதில் ஒவ்வொரு விளக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அடுப்பு, ஒவ்வோர் அடுப்பின் முன்னும் ஒருத்தி. சாந்தாமணி மட்டும் இன்று மாடியில் நிற்கிறாள். இத்தனை பெரிய அழகைத் தனக்கு யாரோ எடுத்து வைத்திருந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

கீழே குக்கர் அலறியது. டைனமைட் வெடிதான் என்று நினைத்து யாரோ மேஜைக்கடியில் பாய்ந்த சத்தம், அப்புறம் ஒரே சிரிப்பு. ரசப்பொடி வாசம் படியேறி வந்தது. கொஞ்சம் அடிப்பிடித்த வாசமும் கூடவே வந்தது.

"சாந்தா! சாப்பிட வா, ஆறிடும்!"

கோபாலசாமியின் குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிறவளே அவள்தானே.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் பதில் சொல்லாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.