மச்சான் திருத்திய டிவி

எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இறங்குவார். வீடும் பெண்ணின் பேருக்கே எழுதப்படும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் நல்ல வழக்கம் என்பார்கள். அவர்களுக்கு ஒரு ராத்தா, அதாவது அக்கா, இருந்து, அவளோடு டிவி பார்த்துப் பழகியிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

என் ராத்தாவுக்குக் கலியாணமானபோது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வாப்பாவும் உம்மாவும் நானும் வளவின் பின்பக்கம் கட்டிய இரண்டு அறைகளுக்குக் குடிபோனோம். டிவி முன்வீட்டிலேயே நின்றுவிட்டது. "அது எங்கட டிவிதானே?" என்று உம்மாவிடம் கேட்டேன்.

"வீடு ராத்தாடயென்டா வீட்டுக்குள்ள கிடக்கிறதும் ராத்தாடதான்" என்றார் உம்மா.

ராத்தாவுடையதாக இருப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ராத்தாவே அட்டாளைச்சேனையிலிருந்து வந்த ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டாள் என்பதுதான் செரிக்கவில்லை. அதுவரை மஃரிபு தொழுத கையோடு அவளும் நானும் ஒரே பாயில் சாய்ந்து நாடகம் பார்ப்போம். ரிமோட் அவளிடம் இருக்கும். சாரிகளின் நிறம் துலக்கமாகத் தெரியவேண்டும் என்று வெளிச்சத்தை உச்சத்துக்குக் கூட்டி வைப்பாள். இப்போது அந்தப் பாயில் மச்சான் இருந்தார். எனக்கு ஓரம். பொரித்த மீனின் நடுத்துண்டும் அவருக்குத்தான். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வேலை முடிந்து வரும்போது "மச்சி, இந்தா" என்று டொபி கொண்டுவந்து தருவார். டொபியைத் தின்றுவிட்டு மறுபடியும் பொறாமைப்படுவேன்.

அந்த நேரத்தில்தான் டிவிக்கு வருத்தம் வந்தது. முதலில் செய்தி வாசிப்பவரின் கன்னத்தில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. பிறகு நெற்றியில் இன்னொன்று. சில நாளில் திரையின் கீழ்ப்பாதி இருண்டு, ஆட்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் நடமாடத் தொடங்கினார்கள். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார் வாப்பா. மச்சான் கல்முனையில் ஒரு ரிப்பேர்க்கடையில் வேலை செய்தவர். "வேணா மாமா, நான் பாக்கிறன்" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் கையால் அது முற்றாகப் பழுதாகி, எல்லார் முன்னாலும் அவர் முகம் கறுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, ஹோலில் பாய் விரித்து டிவியைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மூடியைக் கழற்றி, மறுபடி நிமிர்த்தி, திரைக்கண்ணாடியைத் தனியே தூக்கவேண்டும். கொஞ்சம் வளைந்தாலும் வெடித்துவிடுமாம். இரண்டு பேர் வேண்டும். "நான் பிடிக்கிறன்" என்று முன்னால் போனேன்.

"நீங்க நில்லுங்க மச்சி, ராத்தா பிடிக்கட்டும்" என்றார்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, மூச்சுவிடாமல் அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். வைத்தபின் ராத்தா சிரித்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் நீளப் பட்டிகளில் கடலைப் பருப்பளவு பல்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொப்பி. வெளிச்சத்தை நாலாபக்கமும் பரப்புவது அந்தத் தொப்பிதானாம். சூட்டில் பசை காய்ந்து தொப்பி கழன்றதால்தான் வெள்ளை வட்டம் விழுந்திருக்கிறது. மச்சான் எரிந்துபோன பட்டிகளை மாற்றினார். கழன்ற தொப்பிகளை ஒட்டினார். அடியில் விரித்திருந்த வெள்ளைத் தாள், கடற்காற்றின் உப்பும் தூசியும் படிந்து பழுப்பேறியிருந்தது. தாள் அழுக்கானால் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்று ராத்தாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டே மெல்லிய துணியால் துடைத்தார். அவள் ஏதோ மார்க்கச் சொற்பொழிவு கேட்பதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு, யா அல்லாஹ், இது பத்தக்கூடாது என்று துஆக் கேட்டேன்.

பற்றியது. வட்டமும் இல்லை, இருட்டும் இல்லை. ஆனால் பழைய பளிச்சும் இல்லை. என் துஆவில் பாதியாவது ஏற்கப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"மங்கல்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "பக்கத்து வீட்டாக்கள்ற டிவி இதவிட வெளிச்சம்."

சவளக்கடைப் பக்கம் வயல் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்த வாப்பாவும், மருமகனின் மனம் நோகாதபடி, "கொஞ்சம் கூட்ட ஏலாதா மகன்?" என்று கேட்டார்.

"ஏலும் மாமா. விக்கிற கடையில பளிச்சென்டு தெரியோணுமென்டு கரண்ட அளவுக்கு மிஞ்சிக் குடுத்து வச்சிரிக்காங்க. அந்தச் சூட்டிலதான் பல்பு போற. நான் உள்ளுக்குக் கரண்டக் குறைச்சிரிக்கன். இப்பிடியே உட்டா கனகாலம் பத்தும்."

நான் ராத்தாவைப் பார்த்தேன். உச்சத்துக்குக் குறைந்த வெளிச்சத்தை ஒருநாளும் பொறுக்காதவள், இப்போது எனக்காகக் கதைப்பாள் என்று நம்பினேன்.

"எனக்கு இந்த வெளிச்சம் காணும், கூட்ட வேணா" என்றாள் ராத்தா. திரையைப் பார்த்துச் சொல்லவில்லை, மச்சானைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றோடு நான் பக்கத்து வீட்டாரின் டிவிக்கு மாறிவிட்டேன். ராத்தா என்னைத் தேடி வரவேண்டும் என்பதுதான் திட்டம். அவள் வரவில்லை. அந்த நாட்களில் இருவரும் எப்போது பார்த்தாலும் ஒன்றாகவே இருந்தார்கள். அவர் கடைக்குப் போகப் படலையைத் திறந்தால் இவளும் படலைவரை போவாள். உம்மா நடுத்துண்டோடு தலைத்துண்டையும் அவருக்கே வைத்தார். இவ்வளவு செல்லம் எதற்கென்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கத்தாருக்குப் போக அவருக்கு விசா வந்திருந்தது. டிவியைப் பிரித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டதாம். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, கொழும்புக்கு வேன் வந்து நின்றது. மச்சான் என் தலையைத் தடவி, "ராத்தாவப் பாத்துக்கங்க மச்சி" என்றார். ஓம் என்றேன். அவர் சொல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளத்தான் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேன் சந்தியில் திரும்பியதும் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மஃரிபு தொழுதுவிட்டு முன்வீட்டுக்கு ஓடினேன். ராத்தா பாயில் தனியாக இருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. உரிமையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இனி ஆரையாவது கூப்பிட்டு வெளிச்சத்தக் கூட்டுவமா?" என்று கேட்டேன்.

"வேணா. கூட்டிப் பழுதாப்போனா பாக்கிறதுக்கு வீட்டில ஆளில்ல."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. டிவியை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது. ஆறுதல் சொல்லவேண்டும்போல இருந்தது.

"கல்முனையில எத்தின ரிப்பேர்க்கடை இரிக்கி ராத்தா" என்றேன்.

அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பாயில் வைத்தாள்.

"ஓம், இரிக்கிதான்" என்றாள்.

அவளைத் தேற்றிவிட்ட திருப்தியில், ரிமோட்டுக்குக் கையை நீட்டினேன்.