முக்கால் அங்குல மழை

“அறுபத்தொன்று. தவறு என்னுடையது.” என் பழைய நாட்குறிப்பில், மே மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் கீழ் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டு அச்சிட்ட அட்டையைக் கரையான் தின்றுவிட்டது; தொண்ணூறுகளின் தொடக்கம் என்பது மட்டும் நிச்சயம். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் மழைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, கேள்வி தட்டினால் பதில் வரும்படி நான்தான் நிரல் எழுதியிருந்தேன். காப்பி பூக்க முக்கால் அங்குல மழையாவது வேண்டும் என்பது அந்த மேனேஜரின் கணக்கு. மார்ச், ஏப்ரலில் 0.75 அங்குலத்துக்குக் குறையாமல் பெய்த நாட்கள் எத்தனை என்று அவர் கேட்டார். அறுபத்தொரு நாளும் என்றது கணினி.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. பல வருடங்களாக மழைமானியைப் பார்த்து எழுதிவந்த ரைட்டரைப் பார்த்தார். “ஊட்டுல உக்காந்தே எழுதுனீங்களா? மழைமானிச் சாவியை இப்படி வெச்சுட்டுப் போங்க.”

ரைட்டர் சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு என்னிடம், “ஏனுங்க தம்பி, அறுபத்தொரு நாளும் பேஞ்சிருந்தா என் ஊட்டு ஓடு இந்நேரம் அடிவாரத்துல கெடக்குமுங்களே” என்றார்.

மாலைவரை தேடினேன். கேள்வியைப் பிரித்து அதிலுள்ள எண்ணை எடுத்துத் தர, யாரோ எழுதிய நிரல் தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்தியிருந்தேன். அதில் எண்ணை வாங்க இரண்டு வழிகள்: ஒன்று முழு எண்ணாகத் தரும், மற்றது தசமத்தோடு தரும். நான் முதல் வழியில் கேட்டிருந்தேன். அதுவும் கேட்டபடியே, 0.75-இல் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விட்டுவிட்டுப் பூஜ்யத்தைத் தந்தது. பூஜ்யத்துக்குக் குறையாத மழை எந்த ஊரிலும் தினமும் பெய்யும்.

வழியை மாற்றினேன். நான்கு நாட்கள் வந்தன. நான்கும் பதிவேட்டோடு பொருந்தின. மேனேஜர் சாவியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். “நொம்ப சரியா எழுதியிருக்கீங்க ரைட்டர். பொட்டிதான் பொய் சொல்லிருச்சு.”

பஸ் ஏற்றிவிட வந்த ரைட்டர் பாதி வழியில் நின்றார். “அந்த நாலு நாள்ல கடைசி நாளுங்க, நான் குப்பனூர்ல மச்சான் ஊட்டுக் கல்யாணத்துல இருந்தேன். மறாநாள் வந்து ஒரு மதிப்பா எழுதுனது. வெளிய சொல்லிராதீங்க சாமி.”

அன்று நாகலூரில் மழை பெய்ததா என்று பின்னர் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர் கொட்டித் தீர்த்தது என்றார். மற்றவர் அன்று வெயிலில் காப்பி உலர்த்தியதாகச் சொன்னார். இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.