வாழைப்பழப் பெட்டியில் செய்த எஞ்சின்

என் சித்தப்பா ஒரு காருக்கு முதலில் காட்போட் அட்டையில்தான் எஞ்சின் செய்தார். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் அந்த எஞ்சினுக்குப் பசை பூசியவளே நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வேலை செய்த மரக்கறி மொத்தக் கடையின் பின்முற்றத்தில் அந்தக் கார் கிடந்தது. நாட்டின் தெற்கே முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றதைக் கடை முதலாளியின் மகன் வாங்கி வந்து, ஒரு கோடை முழுக்க ஓட்டிவிட்டு, மாரியில் மறந்துவிட்டான். குளிரில் எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்துப்போனது. எட்டுச் சிலிண்டர் எஞ்சின். வேகத்துக்கென்றே செய்த கார். முன்பக்கம் மட்டும் எங்கள் சமையல் குசினியை விட நீளம். அதன் மேல் இரண்டு வருடமாகப் புறாக்கள் இருந்தன.

முதலாளி ஒருநாள் அப்பாவிடம், ஈஸ்டருக்குள் யாராவது இதை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றார். அப்பா அதை வீட்டில் ஒரு பகிடியாகத்தான் சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காரைப் பார்க்கப் போய்விட்டார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஒரு இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார். "கம்பஸ் படிச்ச மனிசன் செய்யிற வேலையே இது" என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம் என்று தெரியவரும்வரை அது ஏதோ ஒரு நோய் என்றே நான் நினைத்திருந்தேன்.

அதே மாதிரி எஞ்சின் வாங்க எங்களால் ஏலாது. ஆகவே சித்தப்பா வேறொரு திட்டம் போட்டார். நகருக்கு வெளியே பழைய வாகனங்களை உடைத்து விற்கும் முற்றம் ஒன்று இருந்தது. பின்பக்கம் நசுங்கிய ஜெர்மன் கார் ஒன்றின் ஆறு சிலிண்டர் எஞ்சின், கியர் பெட்டியும் சேர்த்து, அங்கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது அமெரிக்கக் காருக்குள் போகுமா? வாங்கிய பிறகு போகாவிட்டால், அதைத் திருப்பி எடுக்க அந்த முற்றத்துக்காரன் சம்மதிக்க மாட்டான்.

சித்தப்பாவுக்கு ஜெர்மன் மொழியான டொச் அவ்வளவாக வராது. அதனால் எங்கே போனாலும் என்னைக் கூட்டிப்போவார். ஒரு சனிக்கிழமை முழுவதும் அவர் அந்த எஞ்சினின் மேலும் கீழும் அளவுநாடா பிடிக்க, நான் என் கணக்குக் கொப்பியில் எழுதினேன். நீளம், அகலம், அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியின் ஆழம் என்று இரண்டு பக்கம் நிறைந்தது. எஞ்சினைப் பற்றி நான் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார். நெருப்பு உள்ளே எரிந்தால் இரும்பு ஏன் உருகவில்லை? இவ்வளவு எண்ணெய் எதற்கு? "ரெண்டு இரும்பு ஒண்டை ஒண்டு தொடாமல் பக்கத்தில இருக்கிறதுக்கு" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அப்பா கடையிலிருந்து வாழைப்பழப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒரு கிழமை, ஏழு நாளும், எங்கள் வரவேற்பறையில் நடக்க இடமில்லை. சித்தப்பா முதலில் ஒரு பெரிய தாளில் எஞ்சினை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் வரைந்தார். கோடுகள் மயிர் போல மெல்லிதாக இருந்தன. பிறகு அதைப் பார்த்து வெட்டினார். நான் ஒட்டினேன். முடிவில் தொட்டியும் குழாய்களும் உள்ள ஒரு முழு எஞ்சின் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அம்மா அதைக் கும்பிடாத குறை.

அடுத்த நாள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் காருக்குள் இறக்கினோம். பழைய எஞ்சினை அப்பாவும் கடை ஆட்களும் ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். காட்போட் எஞ்சின் அகலத்தில் சரியாக இருந்தது. நீளத்திலும் மட்டுமட்டாகப் போயிற்று. ஆனால் அடித்தொட்டி காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்து, எஞ்சின் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. மேல்மூடியான பொனற்றை மூடப் பார்த்தால் மூன்று விரல் இடைவெளி.

சித்தப்பா மூன்று தரம் மூடிப் பார்த்தார். பிறகு "ஏலாது" என்றார். காட்போட் எஞ்சினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவர் அப்படிச் சோர்ந்துபோனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஈஸ்டருக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். தொட்டியின் ஆழத்துக்கு நேரே இருபத்தொன்று என்று எழுதியிருந்தேன். சித்தப்பாவின் படத்தில் அதே இடத்தில் இருபத்தேழு இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றை எழுதும்போது தலையிலிருந்து ஒரு நீளமான கோட்டைச் சரித்து இழுக்கச் சொல்லித் தருவார்கள். ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. யாழ்ப்பாணத்தில் படித்த சித்தப்பாவுக்கு என் ஒன்று ஏழாகத் தெரிந்திருக்கிறது.

"சித்தப்பா, இது ஏழில்லை. ஒண்டு!"

அவர் கொப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உங்கடை டொச்சு ஒண்டு!" என்று கத்தினார். உடனே கத்தரிக்கோலை எடுத்துத் தொட்டியின் அடியில் ஆறு சென்ரிமீற்றரை வெட்டி எறிந்தார். மறுநாள் பொனற் மூடியது. அப்பா கடைக்குள் ஓடிப்போய் முதலாளியையே கூட்டிவந்து காட்டினார்.

இனி அனுமதி வேண்டும். எஞ்சின் மாற்றிய காரை வாகனப் பரிசோதகர் ஒப்புக்கொண்டு பத்திரத்தில் பதிந்தால்தான் தெருவில் ஓட்டலாம். மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது என்று அவரைச் சந்திக்க ஒரு டெர்மின், அதாவது நேரம், எடுத்தோம். காட்போட் எஞ்சினை ட்ராமில் கொண்டுபோனோம். பக்கத்தில் இருந்த பெண் அது என்னவென்று கேட்டாள். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றேன். அவள் தன் பையை எடுத்து அதற்கு இடம் விட்டாள்.

பரிசோதகர் பெரிய மீசைக்காரர். கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். சித்தப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். கடிதங்களில் சித்தப்பாவுக்கு வரும் பெயர் அது என்று எனக்குத் தெரியும். நான் அவருடைய சட்டையை இழுத்தேன்.

முதலில் அந்த மனிதர் எங்களை ஒரு பகிடியாகத்தான் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து காட்போட் எஞ்சினைக் கையில் எடுத்தார். ஸ்டியரிங் தண்டுக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் எவ்வளவு இடம் என்று கேட்டார். சித்தப்பா படத்தை விரித்தார். அதற்குப் பிறகு என்னுடைய மொழிபெயர்ப்பு அவர்களுக்கு அதிகம் தேவைப்படவில்லை. இரண்டு பென்சில்கள் ஒரே தாளில் ஓடின. புதிய எஞ்சின் பழையதை விடப் பலம் குறைந்தது, ஆகவே இருக்கும் பிரேக்கே போதும், செய்துகொண்டு வாருங்கள் என்றார்.

கடைசியில் அவர் என்னிடம், "இவர் இப்படி வரைய எங்கே படித்தவர்?" என்று கேட்டார்.

"கராஜில பாத்துப் பழகினது எண்டு சொல்லு" என்றார் சித்தப்பா.

"நீங்கள் கம்பஸ்தானே?"

"நான் சொன்னதைச் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். பரிசோதகர் நம்பவில்லை. ஏதாவது சேட்டிபிக்கற் இருந்தால் கொண்டுவரட்டும், இப்படி வரைகிறவர்களை எங்கே வேலைக்கு அனுப்பவேண்டும் என்று தனக்குத் தெரியும் என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னார் சித்தப்பா. அதையும் சொன்னேன்.

உண்மையான எஞ்சினை வாங்கிப் பூட்டியதும், கார் ஈஸ்டருக்கு முதல் நாள் தன் காலிலேயே முற்றத்தை விட்டு வெளியே வந்தது. பார்க்கப் புலி மாதிரி இருந்தது. சத்தம் மட்டும் மரக்கறி வான் மாதிரி. கோடையில் மீசைக்காரரே பத்திரத்தில் முத்திரை குத்தும்வரை அது பக்கத்துக் கராஜில் நின்றது. நாங்கள் ஐந்து வருடம் அதில் கோவிலுக்கும் கலியாணங்களுக்கும் போனோம். சித்தப்பா அதே உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு இருபது வயதானபோதுதான் அம்மா சொன்னா. சித்தப்பா வேறொருவருடைய பாஸ்போட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். பயத்தில் அகதி விண்ணப்பத்திலும் அந்தப் பெயரையே கொடுத்துவிட்டார். அவருடைய பொறியியல் பட்டம் அவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. அதைக் காட்டினால் விண்ணப்பம் பொய்யாகிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பரிசோதகரைப் பார்த்துவிட்டு அன்று ட்ராமில் திரும்பி வரும்போது இது ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குக் கோபமாக இருந்தது.

"ஏன் சித்தப்பா பொய் சொன்னனீங்கள்? சேட்டிபிக்கற் அம்மான்ரை அலுமாரியில இருக்கு. நான் கண்டனான்."

"அதில இருக்கிற பேர் வேற, பிள்ளை."

"யாற்றை பேர்?"

"அது வேற ஒராள்."

நான் யோசித்தேன். பிறருடைய பொருளை வைத்திருப்பது சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"அப்ப அதை அவரிட்டைத் திருப்பிக் குடுங்கோ. பாவம், தேடிக்கொண்டிருப்பார்."

சித்தப்பா காட்போட் எஞ்சினைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு, "ஓம் பிள்ளை. குடுக்கத்தான் வேணும்" என்றார்.

ஒரு நல்ல காரியம் செய்து முடித்த திருப்தியோடு நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.