காதர் பாயின் பாதி முகம்

ஊறுகாய்க்கென்று வாங்கிய வினிகர் பாட்டிலை நேற்றுத் திறந்தேன். மாங்காயை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறை இப்படித்தான் நாறும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அங்கே படம் எடுத்தவர் காதர் பாய். கண்ணாடி நெகட்டிவ்களில் அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் பென்சிலால் மறைப்பது என் வேலை. அந்நாளில் திருச்சியில் பலருடைய இளமை என் கைவேலைதான், பெருமைக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். காதர் பாய் ஒரு பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் பெண்ணைத் தனியாக எடுத்தார். பாதி முகத்தில் வெளிச்சம், மறுபாதியில் நிழல். நான் அதுவரை பார்த்ததில் அதுதான் அழகான படம். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அப்படித் தோன்றவில்லை.

“எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு ரெண்டு கன்னம் உண்டு, ஓய்!”

முதலாளி நெகட்டிவை என்னிடம் நீட்டினார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த நிழலை அழித்தேன். மாட்டுப்பெண்ணுக்கு இரண்டாவது கன்னம் கிடைத்தது. காதர் பாய்க்கு வேலை போயிற்று. கிளம்பும்போது அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது அந்தப் பொண்ணு இல்லையே.”

அன்றைக்கே சென்னைக்கு ரயிலேறிவிட்டார். அங்கே ஒரு சினிமாக் கம்பெனியில் முதலில் கேமரா ஸ்டாண்டைச் சுமந்தார். பிறகு லென்ஸ் துடைத்தார். வடக்கத்திக் கேமராமேன் காய்ச்சலில் படுத்த ஒருநாள் காட்சியை இவரே எடுத்தார். அதற்கப்புறம் யாரும் அவரை லென்ஸ் துடைக்கச் சொல்லவில்லை. சில வருஷங்களில் திரையில் அவர் பெயர் தனியாக வந்தது.

அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். கதாநாயகியின் பாதி முகம் இருட்டில் இருந்தது. தரை டிக்கெட்காரர்கள்கூட இருமவில்லை.

பின்னொரு சமயம் தங்கை கல்யாணத்துக்காகத் திருச்சிக்கு வந்தவர் என்னையும் அழைத்திருந்தார்.

“பாய், அன்னைக்கு நான் அதை அழிச்சிருக்கக் கூடாது.”

“நீங்க அழிக்கலைன்னா நான் இன்னும் தெப்பக்குளத்துலதான் இருந்திருப்பேன். வாங்க, பிரியாணி ஆறுது.”

மனசு ஆறியதா என்று கேட்காதீர்கள். பிரியாணி நன்றாக இருந்தது.

அந்தக் காலத்துப் பிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படங்களைக் கரைத்து வெள்ளி எடுத்தார்கள். மிச்சமிருந்த சுருள்கள் கம்பெனிக் கிடங்கு தீப்பிடித்தபோது எரிந்தன. அவர் எடுத்தவற்றில் ஒரு சுருள்கூட இன்று இல்லை. சினிமா சரித்திரம் எழுதுகிறவர்கள் அவரை மேதை என்கிறார்கள். அவர்களில் ஒருவரும் ஒரு காட்சியைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தவன் நான் இருக்கிறேன். எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.