சைதாப்பேட்டையில் உறுமிய டாங்கி எஞ்சின்

இந்த 1949 பங்குனியில் நான் மேற்கொண்ட மாபெரும் யாத்திரை மந்தைவெளியில் தொடங்கிச் சைதாப்பேட்டையில் முடிந்தது. மொத்தம் ஐந்து மைல் இருக்கும். இமயமலைக்குப் போகிறவர்கள்கூட என்னளவுக்கு ஆயத்தம் செய்திருக்க மாட்டார்கள். குடை, கூஜா, காதுக்குப் பஞ்சு, மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சாதம் எல்லாம் கூடவே வந்தன.

காரணம் கேட்பீர்கள். எங்கள் மயிலாப்பூர்க் காபி கிளப்பில் தினமும் காலையில் இரண்டு தேசத்துப் பட்டாளமும் அணிவகுக்கும். நம்மிடம் டாங்கி அதிகமா, பக்கத்துத் தேசத்தில் அதிகமா என்று டபரா அதிரப் பேசுவோம். இரண்டு இட்லியையும் ஒரு வடையையும் மட்டும் வைத்துக்கொண்டு நானே மூன்று முறை எதிரியை முறியடித்திருக்கிறேன். ஆனால் எங்களில் ஒருவர்கூட டாங்கியின் எஞ்சினைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான், சைதாப்பேட்டையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் சண்முகம், "வியாழக்கிழமை பட்டாளத்து எஞ்சினை ஓட்டிக் காட்டுதோம், வாரும் வே" என்றதும் நான் படை திரட்டிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு பஸ். பனகல் பார்க் வரை இரண்டணா. அங்கிருந்து நடந்து மாம்பலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தமே சைதாப்பேட்டை. ஓரணாவுக்கு உட்கார இடமும் கிடைத்தது. ஸ்டேஷன் வாசலில் ரிக்ஷாக்காரரிடம் பட்டறை பெயரைச் சொன்னேன்.

"கரீம் பாய் பட்டறைதானே? குந்து நைனா."

"சண்முகம் பட்டறை அய்யா."

"பட்டறை அவருது. கை பாயோடது. அவர் தொட்டா செத்துக் கீற இஞ்சினும் எழுந்து டீ கேக்கும்."

மூன்றணா கேட்டார். இப்படிப் பேசுகிறவரிடம் பேரம் பேச மனம் வரவில்லை.

பட்டறை ஆற்றங்கரை ஓரமாக இருக்கிறது. உள்ளே இரும்புத் தாங்கியில் பூட்டியிருந்தது அந்த எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள், சூரியனின் கதிர்கள் போலச் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருந்தன. ஆகாய விமானத்துக்காகப் பிறந்து டாங்கிக்கு வாழ்க்கைப்பட்ட ஜாதியாம். வெள்ளைக்காரன் போகிற போக்கில் இந்த டாங்கிகளை இரண்டு தேசத்துக்கும் பாகம் பிரித்துவிட்டுப் போயிருக்கிறான். புதியவை வாங்கப் பணம் இரு பக்கமும் கிடையாது. ஆகவே பழைய எஞ்சினை யார் நன்றாக மூச்சுவிட வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பலம். எங்கள் காபி கிளப்பில் இது ஒருவருக்கும் தெரியாது!

வேலூர்ப் பக்கத்து மேஜர் ஒருவர் ஜீப்பில் வந்திருந்தார். நிபந்தனை சுலபம். எஞ்சின் அரைமணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் பட்டாளத்துக் கொட்டகை நிறையக் கிடக்கும் மற்ற எஞ்சின்களும் இந்தப் பட்டறைக்கு வரும். நின்றால் இதுவும் திரும்பிப் போய்விடும்.

கரீம் பாய் ஒல்லி. மீசையில்கூட கிரீஸ் வாசனை. சண்முகமோ விடியற்காலையிலேயே பூஜை போட்டுவிட்டார். எஞ்சின், ஸ்பானர், உயரத்தில் பரண் மேல் வைத்திருந்த பெட்ரோல் டாங்கு, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் கல்யாண மாப்பிள்ளை அளவுக்குச் சந்தனம், குங்குமம்.

பாய் எஞ்சினை முடுக்கினார். அடேயப்பா! அடையாற்று மீன்கள் கரையேறி மனுக் கொடுத்திருக்கும். என் குடை தானாக விரிந்தது. பஞ்சையும் மீறி அந்த உறுமல் விலா எலும்பில் ஏறி உட்கார்ந்தது. பாய் கண்ணை மூடி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டுத் தலையாட்டினார்.

பத்து நிமிஷம். இரண்டு தும்மல். நின்றுவிட்டது.

மறுபடி முடுக்கினார். ஓடியது, தும்மியது, நின்றது. மின்பொறி பார்த்தார், இருந்தது. பெட்ரோல் வடிகட்டி பார்த்தார், சுத்தம். மேஜர் பைக்கடிகாரத்தை மூடினார்.

"பாய், உங்க தம்பி அந்தப் பக்கத்துப் பட்டாளத்துல இதே எஞ்சின் வேலைதானே பார்க்கிறார்?"

குரலில் சூடில்லை. ஆனால் பட்டறையில் இருந்த எல்லோரும் பாயிடமிருந்து ஓரடி விலகி நின்றதை நான் பார்த்தேன்.

"ஆமா சாப்," என்றார் பாய். "பிரிவினைல அங்க போய்ட்டான். நான் இங்கதான் கீறேன்."

இனி எஞ்சின் மட்டும் பிரச்சினை இல்லை என்பது எனக்கே புரிந்தது. சண்முகம் வேட்டியை மடித்துக்கொண்டு பரணில் ஏறினார். "பெட்ரோல் இருக்கான்னாவது பாப்போம்" என்று டாங்கு மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

பாய் துள்ளினார். "மொதலாளி! அந்த மூடியக் காட்டு!"

மூடியில் ஊசிக்கண் அளவு ஓட்டை இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகவேண்டும். தேங்காயில் ஒரு கண்ணை மட்டும் குத்திக் கவிழ்த்தால் தண்ணீர் அடம்பிடிக்குமே, அதே சங்கதி. ஓட்டையின் மேல் ஜம்மென்று சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமத்தோடு.

அதை விரலால் துடைத்துவிட்டு, 'இப்ப சரியாப்போச்சு' என்று சண்முகம் இறங்கியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. அவர் மூடியை மேஜரிடமே கொண்டுபோய் நீட்டினார்.

"ஐயா, இதை அப்புனது நாந்தான். என் பூஜைதான் எஞ்சினை நிறுத்திருக்கு. பாய் மேல ஒரு குத்தமும் கெடையாது. கேக்குறதை என்னக் கேளுங்க."

மேஜர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் அடக்கியபடி கடிகாரத்தைத் திறந்தார். "முதல்லேர்ந்து ஓட்டுங்க."

இந்த முறை தும்மல் இல்லை. பாதி நேரம் ஆனபோது மேஜர், பாயின் காதருகே போய்க் கத்தினார்: "தம்பி எஞ்சினும் இப்படி ஓடுமா?"

"ஓடும் சாப்! அவனுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான்!" பாயும் கத்தினார். "ஆனா நம்மளுது அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஓடும்!"

அரைமணி ஆயிற்று. மேஜர் கையை உயர்த்தினார். பாய் அந்தக் கையைப் பார்த்தார், எஞ்சினை நிறுத்தவில்லை. மேஜரும் கையைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிஷம் முழுதாகப் போன பிறகுதான் பாய் நிறுத்தினார்.

காபி கிளப்பில் இனி நான் டாங்கிகளை எண்ணப்போவதில்லை. போட்டி என்றால் அது அந்த ஒரு நிமிஷம்தான் என்று தோன்றுகிறது.

போக நினைப்பவர்கள் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற எஞ்சின்களும் இங்கேதான் வருகின்றன; வியாழக்கிழமைகளில்தான் ஓட்டம். போகவரப் பன்னிரண்டணா ஆகும். வெள்ளை வேட்டி வேண்டாம். பஞ்சு நிறைய வேண்டும். அரைமணி ஆனதும் அதைக் காதிலிருந்து எடுத்துவிடாதீர்கள். பாயின் எஞ்சின் அப்போது நிற்காது.