வெள்ளை அடித்த துத்தநாகம்

என் மனைவியின் அண்ணன் படகு மெக்கானிக். அழுக்கென்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஸ்பேனரைத் துடைத்து, அளவுவாரியாக அடுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பட்டறையில் அவருக்குப் பெயர் 'பளபளப்பு'. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, உள்ளூரப் பெருமைதான்.

ஏரியில் ஓடிய எங்கள் வேகப்படகை, நீர்ச்சறுக்கு கற்றுக்கொடுக்க என் மனைவி கடலில் இறக்கினாள். மச்சான் அன்றைக்கே எச்சரித்தார். "நல்ல தண்ணிக்குச் செஞ்ச படகு இது. உப்பு சும்மா விடாது" என்றார். தினமும் மாலை குழாயை மாட்டி, எஞ்சினுக்குள் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் ஓடவிடுவார். புரொப்பல்லரைத் தாங்கும் அலுமினியக் கூட்டில் கடல் படகுகளில் பார்த்தபடி ஒரு துத்தநாகக் கட்டியையும் மாட்டினார். வாரம் ஒருமுறை கரையேற்றிப் பார்ப்பார். எங்காவது பெயிண்ட் கொப்பளித்திருந்தால் உடனே மேலே இன்னொரு பூச்சு. மூன்று மாதம் இப்படியே ஓடியது.

போன வாரம் ஒரு மதியம், உதிரிபாகக் கடைக்கு நானும் கூடப் போனேன்.

"புதுக் கட்டி வேணுமே? பழசு பாதி கரைஞ்சிருக்கும்" என்றார் கடைக்காரர்.

"எங்க கரையுது? வச்சது வச்சபடி இருக்கு" என்று மச்சான் மார்தட்டினார். "அசிங்கமாத் தெரிஞ்சுதுன்னு அதுக்கும் சேர்த்து ரெண்டு கோட்டு வெள்ளை அடிச்சிட்டேன்ல."

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "பெயிண்டா? அது அலுமினியத்துக்குப் பதிலா கரையறதுக்குன்னே வச்சதுங்க. அது கரையலன்னா, உப்பு வேற எதையோ தின்னுட்டிருக்கு."

மச்சானின் முகம் வெளிறியது. எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கூடு உடைந்தால் படகைத் திருப்பவும் முடியாது, தண்ணீரும் உள்ளே ஏறும். என் மனைவி அதில்தான் தனியாகக் கடலில் இருந்தாள்.

அவளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

"மாப்ள, நானே என் கையால..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"வாயை மூடிட்டு வண்டிய ஓட்டுங்க!" என்று கத்தினேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

கரையில் நின்று பார்த்தோம். வெறும் தண்ணீர். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு புள்ளி தெரிந்தது. மெதுவாக வந்தது, மிகவும் மெதுவாக.

தேய்த்த பேண்டோடு மச்சான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். படகைக் கரையேற்றி, கூட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அழுகிய பலகையில் இறங்குவதுபோல அது உள்ளே போனது. பக்கத்தில் துத்தநாகக் கட்டி புதுசாக, வெள்ளையாக இருந்தது.

"ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் என் மனைவி. "போகும்போதே ஸ்டியரிங் ஆட்டம் கண்டுச்சு. திரும்பிடலாமான்னு பாத்தேன். அண்ணன் பாத்துவச்ச படகு, ஒண்ணும் ஆகாதுன்னு இன்னும் தூரமாப் போனேன்."

மச்சான் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தார். கையெல்லாம் கிரீஸும் மணலும். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.