ஆடிட்டுக்குக் கட்டிய கக்கூஸ்

1. உபசாரம்

"அக்கா, டாய்லெட் எங்க?" என்று அந்த மலேசியப் பெண் என்னிடம் கேட்டபோது, அவளுக்காகத் திறந்த இரண்டாவது சோடா என் கையில் இருந்தது.

மும்பை தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் ஃபினிஷிங் டேபிள் என்னுடையது. நூல் வெட்ட வேண்டும், ஜிப்பை இழுத்துப் பார்க்க வேண்டும், பையைப் புரட்டி செக்கிங் போட வேண்டும். கீழே தையல் மிஷின்கள். இரும்பு ஏணி ஏறினால் தலை இடிக்கும் ஒரு மாடி. மிஷின்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான்.

அன்று மலேசியாவிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்திருந்தார்கள். காலையில் ஐரோலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, மதியம் எங்கள் பட்டறை, சாயங்காலம் கடற்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹோட்டல். கம்பெனிகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதும் அவர்கள் படிப்பில் சேர்த்தியாம்.

முதலாளி செல்வராஜ் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். வந்தவர்கள் எதுவும் குடிக்காமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. முதலில் டீ, அப்புறம் இளநீர், அப்புறம் சோடா. கூட்டத்தில் தமிழ் பேசியது ஷாலினி என்ற அந்த ஒரு பெண்தான். அதனால் உபசாரம் முழுவதும் அவள் தலையில் விழுந்தது.

"போதும் அங்கிள், ஐரோலியிலயே ரெண்டு காப்பி குடிச்சாச்சு."

"அது கம்பெனி காப்பி. இது நம்ம வீட்டு சோடால்லா. ஏளா பேச்சி, பிள்ளைக்கு இன்னொண்ணு ஒடச்சுக் குடு."

நானும் உடைத்துக் கொடுத்தேன். குடித்தால் அடுத்து எங்கே போக வேண்டியிருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

2. ஒட்டகம்

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றேன்.

"பஸ்ஸில இருந்தே பொறுத்துட்டுத்தான் இருக்கேன்க்கா. இனிமே முடியாது." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்து முனையில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். பூட்டியிருந்தது. மதியம் தண்ணீர் நின்றதும் ஆள் பூட்டிவிட்டுப் போய்விடுவான். அது எனக்குத் தெரியும். வேறு இடம் இல்லாததால் கூட்டிப் போனேன். அவள் மெதுவாக, சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்பி நடந்தாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்டாள். "அப்ப நீங்கல்லாம் எங்க போவீங்க?"

"நாங்க தண்ணி குடிக்க மாட்டோம்மா."

"நாள் முழுக்கவா?"

முதல் மிஷினில் இருந்த ஜைனம்பு சிரித்தாள். "நாங்கல்லாம் ஒட்டகச் சாதி. காலைல ஒரு டம்ளரு, அப்புறம் வீட்டுக்குப் போயித்தான்."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதே ஜைனம்பு நீர்க்கடுப்பு வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தவள். லீவு கேட்டபோது அண்ணாச்சியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். பிள்ளைகளைப் பெற்ற பொம்பளைகள் மூத்திரத்தை அடக்கி வியாதி வாங்கிக்கொண்டு, அதை வெளியே சொல்லவும் வெட்கப்பட்டோம். அதை ஜோக்காக்கி ஒரு சின்னப் பெண்ணிடம் காட்டிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

3. கதவு

ஷாலினி ஏணிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். "மேல லேடீஸ்னு போட்டிருக்கே?"

போட்டிருந்தது உண்மைதான். மாடியில் ஒரு கதவு, அதில் லேடீஸ் என்ற எழுத்தும் பாவாடை கட்டிய பொம்மை ஸ்டிக்கரும். எங்கள் பைகளை வாங்கும் வெளிநாட்டு பையர், பட்டறையைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார். பெண்களுக்குத் தனி டாய்லெட் இல்லையென்றால் ஆர்டர் கிடைக்காது. அதற்காக அண்ணாச்சி ஒன்று கட்டினார். ஆடிட் அன்று திறப்பார், சோப்பு வைப்பார், ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் பூட்டிவிட்டு சாம்பிள் பைகளை உள்ளே அடுக்கிவிடுவார். இந்தத் தொழிலில் இது ஒரு பழக்கம்.

"அது ரிப்பேரும்மா" என்றார் அண்ணாச்சி.

"ரிப்பேரெல்லாம் இல்ல. சாவிய எடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஏளா, சும்மா இரி. ஆளுக நிக்காவ."

"நிக்கட்டும். பிள்ள நின்ன எடத்துலயே போயிரும், அது ஒமக்கு நல்லா இருக்குமாவே?"

முதலாளியை, சரிக்குச் சமமான ஆளைப் போல, நான் 'வே' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. கூட வந்த மராத்திக்கார கைடு, "சாவியைக் கொடுத்துவிடுங்கள் சேட்" என்று ஹிந்தியில் கெஞ்சினான். அண்ணாச்சி மடியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

கதவைத் திறந்தால் கூரை வரை பைகள். நான் எடுத்து ஏணியில் நின்றவளிடம் கொடுத்தேன். அவள் கீழே கொடுத்தாள். காலேஜ் பிள்ளைகளும் கை நீட்டி வாங்கிச் சுவரோரம் அடுக்கினார்கள். அவர்களுடைய வாத்தியார் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து வீடியோ எடுத்தார். குழாயைத் திறந்ததும் துருத் தண்ணீர் கொட்டி, பிறகு தெளிந்தது. ஷாலினி உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

அவள் வெளியே வந்து, "தேங்க்ஸ்க்கா" என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடுவதற்குள் ஜைனம்பு மிஷினை விட்டு எழுந்து ஏணி ஏறினாள். யாரிடமும் கேட்கவில்லை. அவள் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஏணியில் இடம் இல்லாமல் கீழே கட்டிங் டேபிள் வரை வரிசை நீண்டது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். அண்ணாச்சி பல்லைக் காட்டிக்கொண்டே நின்றார்; அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாத்தியார் மொபைலைப் பைக்குள் போட்டுவிட்டார்.

வரிசையில் கடைசியாக நானும் நின்றேன். விருந்தாளிகள் பார்க்க மூத்திரத்துக்கு வரிசையில் நிற்பது அவமானம்தான். ஆனால் யாரும் இறங்கிப் போகவில்லை.

பஸ் கிளம்பியதும் அண்ணாச்சி சாவிக்குக் கை நீட்டினார். "தர மாட்டேன்" என்றேன். நீட்டிய கையை இறக்கிவிட்டு, பைகளை எங்கே வைப்பது என்று கேட்டார். அவருடைய ஏசி ரூமில் வைக்கச் சொன்னேன்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, சம்பளம் பேசுவதற்கு முன் கக்கூஸ் எங்கே என்று கேளுங்கள். கதவைக் கை காட்டினால் விடாதீர்கள். திறக்கச் சொல்லுங்கள், குழாயைத் திருகிப் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.